கண்மதிப்பு

மே மாதத்து முதல் ஞாயிறு. கிளாருஸ்.
சபை கூடும் வட்ட அரங்கின் பலகைகளுக்கு
வியாழக்கிழமை போல்ட் முறுக்கியவன் நான்.
ஏழாம் வரிசையில் ஒரு பலகை ஆடும்.
ஃப்ரிட்லியிடம் சொன்னேன்.
"போன வருஷமும் ஆடினதுதான்" என்றான்.
அரசு அப்படித்தான் நிற்கிறது,
பழகிப்போன ஆட்டத்தின் மேல்.

இன்று அவன் உள்ளே.
நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம்.
துணி காயப்போடும் கொடி போல மெல்லிய கயிறு,
காவலுக்கு ஒருவரும் இல்லை.
காவல் வேண்டாத கயிறு என்ன கனம் என்பது
வெளியே நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

நடுவில் மாகாணத் தலைவர்
நீள வாளொன்றில் கையூன்றி நிற்கிறார்.
யாரையும் வெட்டாத வாள்
என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

விடயம்: தெருவிளக்கு.
இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து வரை
அணைப்பதா, எரியவிடுவதா.
மின்சாரம் மிச்சம் என்றார் ஒருவர்.
வௌவால்களுக்கு நல்லது என்றாள் ஓர் ஆசிரியை.
நட்சத்திரம் தெரியும் என்றான்
பதினாறு வயதுப் பெடியன்; சிரித்தார்கள்.
இரண்டரை மணிக்கு
வெதுப்பகத்துக்கு நடக்கிறவனைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் குடையைச் சுருட்டிப் பிடித்தபடி
கேட்டுக்கொண்டிருந்தான்.

அட்டைகள் உயர்ந்தன.
எங்கள் ரெகுலாவும் உயர்த்தினாள்,
செவ்வாய் தவிர வேறு நாளில்
சலவை அறைச் சாவியைத் தராத ரெகுலா.
கை உயர்த்த எனக்கும் தெரியும்.
வவுனியாவில், வெயிலில், வரிசையில்.
அங்கே இரண்டு கையும் கேட்டார்கள்.

தலைவர் பார்த்தார்.
இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.
எண்ணவில்லை.
எண்ணுவதே இல்லையாம்.
ஆறாயிரம் பேரைக் கண்ணால் நிறுத்து
"அணைப்பது" என்றார்.
அவ்வளவுதான், சட்டம்.
எதிர்த்துத் தூக்கியவர்கள்
அட்டையை மடியில் வைத்துவிட்டு
அடுத்த விடயத்துக்குப் பக்கம் புரட்டினார்கள்.

எனக்குத் தலை சுற்றியது.
என்னை எண்ணினார்களே!
பத்து விரலையும், ஒவ்வொன்றாய்.
மூன்று விசாரணை, நாற்பத்தொரு பக்கம்.
பல்லைப் படம்பிடித்து வயதைக் கண்டார்கள்.
அண்ணன் செத்த தேதி
இரண்டு இடத்தில் இரண்டாய் இருந்தது;
அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்கு
நான்கு வருஷம் காத்திருந்தேன்.
தங்கள் ஆட்களை எண்ணாமல்
மிச்சம்பிடித்த நேரத்தையெல்லாம்
என்னிடம் செலவழித்திருக்கிறார்கள்.

பிறகு கடைத்தெருவில்
சொசேஜைக் கடித்துக்கொண்டிருந்த ஃப்ரிட்லியிடம் கேட்டேன்:
"தலைவர் பிழையாய்ப் பார்த்திருந்தால்?"
"அப்படியென்றால் அதுதான் சரி."
கொஞ்ச நேரம் கழித்து,
"நான் அணைக்க வேண்டாமென்றுதான் தூக்கினேன்,
உனக்காக" என்றான்.
அவன் மீசையில் கடுகு ஒட்டியிருந்தது.
நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.
சொன்னேன்.

புதனன்று அரங்கைக் கழற்றினோம்.
ஆடும் பலகைக்கு அடியில்
யாரோ விட்டுப்போன வாக்கு அட்டை, ஈரம் ஊறி.
குப்பையில் போடு என்றான்.
நான் வீட்டுக்குக் கொண்டுபோய்
நாலாய் மடித்து
சாப்பாட்டு மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே
வைத்தேன்.
மேசை இப்போது ஆடுவதில்லை.

நவம்பரில் விளக்குகள் அணைந்தன.
வீட்டிலிருந்து வெதுப்பகம் வரை
முப்பத்திரண்டு கம்பங்கள்.
இருட்டில் கைநீட்டித் தொட்டுத் தொட்டு
நான்தான் எண்ணினேன்.
வௌவால் ஒன்றையும் காணோம்.
நட்சத்திரம், உண்மையைச் சொன்னால்,
நிறைய.