முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு

அந்த எண்ணோடு நின்றுவிட்டது சந்தூக்.
அடுத்த அட்டையை அடித்துச் சேமி என்றால்
ஒரு மணியோசை, ஒரு சாம்பல் பெட்டி,
உள்ளே எதுவும் எழுதாத பிழைச்செய்தி.
கீழே 'சரி' என்ற பொத்தான் மட்டும்.
எதற்குச் சரி?

பரேலில் மூன்றாம் மாடி.
மூடிய மில்களின் வருகைப் பதிவேடு, கூலிச் சீட்டு,
ஒரு வேலைநிறுத்தத்தின் அரிசிக் கணக்கு,
எல்லாவற்றையும் எண்ணிட்டு வைத்திருப்பது
என் வயதில் பாதி ஆன இந்த மென்பொருள்.
அந்தேரியில் இதைச் செய்தவர்கள்
கடையைக் கட்டிப் பதினாறு வருடம்.
அந்த முகவரியில் இப்போது பல் பிடுங்குகிறார்கள்.

சுடலைமுத்து இதில் சட்லாமுட்டு.
இசக்கிமுத்து, யாரோ காதில் வாங்கியபடி, இசாக் மூட்டூ.
என் சம்பளத்தில் முக்கால்வாசி
முத்துகளைத் திருத்துவதற்கு.

சந்தூக்கை வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்பது பேர்.
இரண்டாம் சனிக்கிழமை
யாராவது ஒருவர் கிடங்கில் கூடுவோம்.
வசாயிலிருந்து ஞானஸ்நானம், அதாவது ஓனீல் துஸ்கானோ.
கிளிஞ்சல், அதாவது மெஹர்னோஷ்.
துறைமுக வரைபடங்கள், சுனந்தா கோரேகாவ்கர்.
பெயரைவிடச் சேகரிப்பைச் சொன்னால்தான்
எங்களுக்கு ஆள் பிடிபடும்.
"எக்ஸ்ரே வரலியா?"
"எக்ஸ்ரேவுக்கு ஜுரம்."

திறக்க ஒரு பச்சைச் சாவி வேண்டும்,
பிரிண்டர் துளையில் செருகுவது, கட்டைவிரல் அளவு.
ஒன்பது பேருக்கு உயிரோடிருப்பவை ஐந்து.
துறைமுகமும் நானும் ஒன்றில் பங்கு:
திங்கள், செவ்வாய் அவளுக்கு.
சிவ்ரி ஸ்டேஷன் பாலத்தில் கைமாறும்,
டிபன் டப்பாவின் மேல்தட்டில், ஊறுகாய்க்குப் பக்கத்தில்.
ஒருமுறை எண்ணெய் கசிந்து
வாரம் முழுக்கக் கணினி அறையில் கடுகு வாசம்.

புதியதற்கு மாறக்கூடாதா என்கிறீர்கள்.
மாறலாம்.
விலைப்பட்டியலையும் அறங்காவலர்களையும்
ஒரே அறையில் உட்காரவைத்துப் பாருங்கள்.

எண் தீர்ந்ததைச் சொன்னேன்.
மெஹர்னோஷ் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.
"உங்களுக்குமா?"
கிளிஞ்சலுக்கும் அங்கேயேதான் தீர்ந்ததாம்.
தன் தவறென்று நினைத்து
மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை.
வழி உண்டு என்றார்:
பழகும்போது யாராவது அடித்துப் பார்த்த
குப்பைப் பதிவுகளைத் தேடு, அழி,
காலியான எண்ணில் குடியேறு.
"பக்டி கேட்காமல் பம்பாயில் கிடைக்கிற ஒரே அறை"
என்றாள் சுனந்தா.
ஓனீல் தன் நோட்டில் அதை வழிமுறையாகவே எழுதிக்கொண்டார்.

என்னிடம் நாற்பத்தொன்று.
aaaa. டெஸ்ட். டெஸ்ட் இரண்டு.
ஒருவன் தன் பெயரை ஏழு தடவை.
ஒருத்தி, யாரையோ, கெட்ட வார்த்தையில்.
நாற்பதை அழித்துவிட்டேன், கை கூசவில்லை.

பதினோராயிரத்து எண்ணூற்று ஆறு.
பொருள்: தண்ணீர்.
தேதி: 26 ஜூலை 2005.
அளவு: முழங்கால்.
நிலை: ஏறுகிறது.
கொடுத்தவர்: தெரியவில்லை.
இருப்பிடம்: தரைத்தளம். பெட்டி 1 முதல் 63 வரை மாடிக்கு ஏற்றியாயிற்று.
குறிப்பு: ரயில் இல்லை. ராத்திரி இங்கேயே.
பதிந்தவர்: வி.எஸ்.கே.

ஒரு கட்டத்தையும் வெறுமனே விடவில்லை வி.எஸ்.கே.
யாரைக் கேட்டும் தெரியவில்லை.
சம்பளப் புத்தகத்தில்கூட அந்த மூன்றெழுத்து இல்லை.
பெட்டி இருபத்தேழை எடுத்து அடியைத் தடவினேன்.
காய்ந்த அட்டை. கறை இல்லை.

'நிலை'யில் போய் நின்றது கர்சர்.
வடிந்தது என்று மாற்றலாமா?
மாற்றவில்லை.
ஒரே ஒரு கட்டம் காலி, சரிபார்த்தவர்.
அதில் என் எழுத்தை இட்டேன்.
சேமி.
மணி அடிக்கவில்லை.

பிறகு, aaaa இருந்த இடத்தில்
சுடலைமுத்து, நூற்புப் பிரிவு, இரவு ஷிப்ட்,
எழுத்துப் பிழையின்றி.

மிச்சம் முப்பத்தொன்பது இடம்.
கூலிச் சீட்டு இன்னும் மூன்று மூட்டை.
அதற்கு அடுத்த சனிக்கிழமை யாராவது
பிஸ்கட்டைக் கீழே வைக்கவேண்டும்.
சாவியைத் துடைத்து டப்பாவில் வைத்தேன்.
இந்தத் தடவை ஊறுகாய் கொண்டுவரவில்லை.