கதியால்

கொவென்ட்ரி சுற்றுவீதியோரம்
விடுதியொன்றின் கூட்ட அறையில் விசாரணை.
பக்கத்து அறையில் யாருக்கோ ஐம்பதாவது பிறந்தநாள்.
மடிப்புச் சுவருக்கு அப்பால்
பலூன் வெடிக்கும்போதெல்லாம்
சட்டத்தரணி வசனத்தை மறுபடி தொடங்கினார்.

பொதுமக்களுக்குப் பன்னிரண்டு கதிரைகள்.
லீவு போட்டு வந்து
கடைசி வரிசையில் இருந்தேன்.
யாரென்று எவரும் கேட்கவில்லை.

அவள் பெயரை அங்கே சொல்லக்கூடாது.
மிஸ் ஏ என்றார்கள்.
ஏ என்பது எங்கள் மொழியில்
ஆளை அதட்டிக் கூப்பிடும் ஒலி.
திரைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்:
"உதவி கேட்டுத்தான் பொலிசை அழைத்தேன்.
வந்தவர் என் இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.
பிறகு இரவு இரண்டு மணிக்கு,
கடமையில் இல்லாதபோதும் வந்தார்."

ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச்.
நிதியாண்டு முடிவதற்குள் இருநூற்றுப் பத்துப் பேர் வேண்டும்,
இல்லையென்றால் காசு திரும்பிப் போய்விடும்.
என் மேசையில் கிரெக் பாம்ஃபர்த்தின் கோப்பு.
இருபத்திரண்டு வயது. நல்ல ஓட்டக்காரன்.
பழைய காதலியின் முறைப்பாடு ஒன்று,
அதன் கீழே: மேல் நடவடிக்கை இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று.
மேலாளர் கோபிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்தாள்.
"இல்லை என்றால் இல்லைதானே, நிரோ" என்றாள்.
அழிறப்பர் என்னுடையது.
சுருக்கொப்பமும்.

பதினொரு நாளில் அவனுக்குச் சரி என்றாயிற்று.
அவன் கோப்பைப் பார்க்கும் இந்தக் கதிரைக்கு
என்னைத் தேர ஒன்பது மாதம்:
பத்து வருட முகவரிகள், வங்கிக் கணக்கு,
உரும்பிராயில் அண்ணா என்ன செய்கிறார்,
முன்பு என்ன செய்தார்,
அதற்கும் முன்பு.

விசாரணையில் எங்கள் பிரிவைப் பற்றி ஒரே வசனம்:
அன்றைய விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டது.
செயப்பாட்டுவினை.
செய்தவர் வெளியே நின்று
சிகரெட் பிடிக்கலாம்.

மூன்று பத்துக்குத் தீர்ப்பு, பதவி நீக்கம்.
அவன் ஏற்கெனவே விலகிவிட்டான்,
வரவுமில்லை.
வெறுங் கதிரையைப் பதவி நீக்கினார்கள்.
அவன் பெயர் தடைப்பட்டியலில் ஏறும்.
ஒப்பமிட்டவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று
இரவு இவர் சொன்னார், சோற்றைப் பிசைந்தபடி.
சரிதான்.
கதியால் பார்த்து நட்டது யாரென்று
அந்தப் பழமொழி கேட்பதில்லை.
நானும் சொல்லவில்லை.
அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

திங்கட்கிழமை பதினான்கு கோப்புகள். மறுபடி மார்ச்.
மூன்றாவதில் பத்தொன்பது வயதுப் பையன்.
கராஜ் வேலையை ஏன் விட்டாய் என்ற கேள்விக்கு
'முடிந்த விஷயம்' என்று எழுதியிருந்தான்.
ஓரத்தில் குறித்தேன். இம்முறை பேனையால்.
கராஜ் இலக்கத்தை அழுத்தினேன்.
மணி அடிக்கிறது.
கண்ணாடிக்கு அப்பால் மேலாளர்
இரண்டு குவளைகளோடு எழும்புகிறாள்.
அடிக்கிறது.