எந்த பஸ் ஸ்டாண்ட்

அண்டி ஆபீசில்
தல்லும் சத்தத்துக்கு மேல்
றோஸ்லெட் உரக்க வாசிப்பாள்,
வாரம் ஒரு அத்தியாயம்,
சிரிப்பு பாக்கியநாதனின் வாழ்க்கை.

முதல் மனைவி போனது,
கடன்காரன் கதவைத் தட்டினால்
பெண்குரலில் "அவிய இல்ல" என்றது,
பதினாலு வயதில்
வடசேரி பஸ் ஸ்டாண்டில்
பட்டினியாய்ப் படுத்தது.
சீட்டுப் பணம் எவ்வளவு கட்டினோம் என்பது மறக்கும்,
இது மறக்காது.

குழித்துறை, வாவுபலிப் பொருட்காட்சி.
தூறியும் யாரும் எழும்பவில்லை.
ஆள் நினைத்ததைவிடக் குள்ளம்.
மீன்காரி, கண்டக்டர், நாய்க்குட்டி, பங்குச் சாமியார்
எல்லாரும் அந்த ஒரு தொண்டைக்குள்.
சிரித்துச் சிரித்து
லில்லிபுஷ்பத்துக்கு விக்கல் வந்துவிட்டது.

நடுவில் சொன்னார்:
"மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல
பட்டினி கெடந்தவன் நான்."
றோஸ்லெட் என் கையைக் கிள்ளினாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால்
முண்டியடித்துப் போய்க் கேட்டே விட்டாள்:
"வடசேரியா, மீனாட்சிபுரமா?"

சோடா குடித்துக்கொண்டிருந்தவர்
அண்டி எண்ணெயில் கறுத்த
அவள் விரல்களைப் பார்த்தார்.
"நீ எத வாசிச்ச மக்ளே?"
"வடசேரி."
"அப்ப வடசேரிதான்."

கருங்கல் பஸ்ஸில் வழியெல்லாம்
லில்லிபுஷ்பத்துக்கு
விக்கல் நிற்கவில்லை.