இடது காதின் மதிப்புரைகள்

குலசேகரத்துக்கு மேலே, அதிகாலை மூன்று மணி.
நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி,
இடது காதில் பாட்டு.
வலது காது பன்றிக்கு.
புதருக்குள் அது உறுமினால் கேட்க வேண்டும்.
போன வருசம் ஞானதாசுக்குக் கேட்கவில்லை,
தொடையில் பதினோரு தையல்.

எனக்கு முந்நூற்றிருபது ரப்பர்.
ஓர் ஆல்பத்துக்கு ஏறக்குறைய நூறு மரம் வரும்.
ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை நூல் கனத்துக்குச் சீவி,
சிரட்டையை நிமிர்த்தி வைத்து, அடுத்த மரம்.
நடக்கும்போதே மனசில் மதிப்புரை ஓடும்.
வெட்டு முடிந்ததும் குரலில் பதிந்து அனுப்புவேன்.

சனிக்கிழமை கல்யாண வரவேற்புகளில் நான் பேஸ் கிட்டார்.
மேடைக்குப் பின்னால், பிரியாணி ஆறும் நேரத்தில்
ஆளுக்கொன்று சொல்வார்கள்,
இதைக் கேளு, அதை விட்டுறாதே.

முட்டம் கிளாட்சன், கீபோர்டு.
அவன் தருவதெல்லாம் பதினெட்டு நிமிச ஜாஸ்.
"நாப்பது மரம் ஆச்சு, பாடுகாரி இன்னும் வாயத் தொறக்கல்ல.
நாப்பத்தொண்ணுல தொறந்தா.
காத்துக் கெடந்தது வீண்போகல்ல."

தக்கலை நவாஸ்கான், ட்ரம்ஸ்.
பாலைவனத்து ஆட்கள் நாலு பேர், விடியுமட்டும் ஒரே தாளம்.
"கத்தி தானா நடந்துது வோய்.
அரைமணிக்கூர் முந்தியே தோட்டம் தீந்துபோச்சு.
மொதலாளிக்குப் பிடிக்கும் ஆல்பம்."
அவனுக்குக் கோபம். "வலது பக்கம் ஒரு சலங்கை கெடக்கே,
அதக் கேட்டியா லேய்?"
கேட்கவில்லை.
நான் கேட்கும் எல்லாக் குழுவிலும்
பாதிப்பேர் லீவு.

செண்டைக்கார சசிதரன் அண்ணன் கொடுத்ததற்கு
ஒரே வரிதான் சொன்னேன்:
"மூணு பாட்டு கட்டிப்பால், மிச்சத்துல தண்ணி சேத்திருக்கு."
இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை.
பிறகு, தண்ணி ஐந்தாம் பாட்டில்தானே தொடங்குகிறது என்று கேட்டார்.

ஷைனி எதையும் சொல்லமாட்டாள்.
வயலின். வாரநாளில் கருங்கலில் கணக்கு டீச்சர்.
புரட்டாசி முடியும் ஒரு வெள்ளிக்கிழமை
முதல்முறையாக ஓர் ஆல்பம் அனுப்பினாள்.
அட்டையில் காலி நாற்காலி, பெயருக்குப் பதில் ஒரு தேதி.
கூடவே இரண்டு சொல்:
"ரெண்டு காதும்."

அறுபது மரம் ஒற்றைக் காதில்தான் கேட்டேன்.
ஒரு செல்லோ. எதையோ கேட்கிறது, நிறுத்துகிறது.
காற்று. மறுபடி கேள்வி.
பத்துக்கு மூன்று போட்டுவைத்தேன்,
அதில் ஒன்று ஷைனிக்காக.

அறுபத்துநாலாம் மரத்தடியில்
பன்றியை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டு
வலதையும் மாட்டினேன். முதலிலிருந்து ஓடவிட்டேன்.

பதில் அங்கே இருந்தது.
இன்னொரு செல்லோ, கொஞ்சம் தாழ,
இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மூன்றாம் பாட்டில் ஒன்று இறங்கி, ஒன்று ஏறி,
நெற்றி விளக்குக்குப் பின்னால், மண்டை நடுவில்
ஒரே சுரத்தில் வந்து நின்றன.
நானும் நின்றேன்.
கத்தி நிற்கவில்லை.

எட்டு வருசத்தில் முதல்முறை தடியைத் தொட்டுவிட்டேன்.
பால் சாலில் வராமல்
பட்டையெங்கும் வழிந்து, வேரில் சொட்டி, மண்ணில் உறைந்தது.
"கண்ணு எங்கலே இருந்துது?" என்றார் மேஸ்திரி தங்கையன்.
கண் இருந்தது. அதைச் சொல்லி என்ன.
நூறு ரூபாய் பிடித்தார்.

மார்த்தாண்டத்தில் மண்டபம். பொண்ணு மாப்பிள்ளை வரவில்லை.
வில்லின் திருகை இறுக்கியபடி ஷைனி புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.
காயத்தின் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்,
கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற மாதிரி.
"எந்தப் பாட்டு?"
"மூணு."
"மூணா?" என்றாள். "நான் அஞ்சுண்ணு நெனச்சேன்."
அதற்குள் கிளாட்சன் வரவேற்பு மெட்டைத் தொடங்கிவிட்டான்.

ஐந்தாவதை நான் இன்னும் கேட்கவில்லை.
மழை பெய்தால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது.
நேற்றிலிருந்து
மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.