வெங்காயச் சருகு

கீழமாரட்டு வீதியில் விடியுமுன்
மூட்டை அவிழ்க்கிற இடமெல்லாம் சருகு பறக்கும்.
சோணைமுத்து அதைச் சாக்கில் திணித்து
ஏறி மிதித்துக் கட்டினார்.
"இதை அள்ளிப் போட வண்டிக்கு நாங்க காசு அழுவுறோம்.
நீங்க காசு குடுத்து வாங்குறீக.
உள்ள ஒண்ணும் இல்லம்மா, பாத்துக்கங்க."
அறுபது ரூபாய். எண்ணாமல் மடியில் செருகினார்.

நாகமலைப் பேருந்தில் என் மடியில் சாக்கு.
பக்கத்து இருக்கைக்காரி செக்கானூரணி வரை போகிறவள்,
எழுந்து நின்றே வந்தாள்.
எனக்கு இந்த வாடை ஒன்றும் செய்யாது.
இரண்டு வருடம் மெத்தனாலோடு இருந்தவள் நான்.
விஷச் சாராயம் என்று செய்தி வரும்போதெல்லாம்
அம்மா போன் பண்ணிக் கேட்பாள்:
அதே சரக்கா உங்க லேபில?
அதேதான் அம்மா.
சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் ஒரு ஆணி.

மூன்றாம் வருடம் மாற்றினேன்.
எலுமிச்சை அமிலம், குளுக்கோஸ்,
தனித்தனியே இரண்டும் வெறும் வெள்ளைப் பொடி.
சொட்டுத் தண்ணீர் விட்டு எண்பது டிகிரியில் கிளறினால்
ஒன்றை ஒன்று உருக்கிக்கொண்டு
கம்பிப் பதத்துக்கு முன்னால் நிற்கும் பாகு.
ஆறினாலும் உறையாது.
சருகைப் போட்டு மீயொலித் தொட்டியில் இறக்கினேன்.
வண்டு குடைகிற சத்தம், இருபது நிமிடம்.
சருகு வெளுத்தது.
பாகு
நாவற்பழம் தின்ற நாக்கு.

அப்புறம்தான் வம்பு.
வாங்கிய நிறத்தை விடமாட்டேன் என்றது.
மெத்தனாலைச் சொல்லவேண்டும்,
விஷமென்றாலும் வேலை முடிந்தால் ஆவியாய்ப் போய்விடும்,
சொல்லிக்கொள்ளக்கூட நிற்காது.
இது நல்லது. நல்லதால் ஒட்டிக்கொண்டது.
தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். குழாயில் பிசின் அடைத்து வடித்தேன்.
சருகிலிருந்து வந்தது தொண்ணூற்று நான்கு,
பாகிலிருந்து மீண்டது பதினொன்று.
ஜெபக்கனி மேடம் பதினொன்றின் மேல்
பேனாவை வைத்தார், எடுக்கவில்லை.
"இது சாறு, நிறமி இல்லை" என்றார்.

ராத்திரி, கழுவிய தண்ணீர் மேசையில் சிந்திக் கிடந்தது.
துணி எடுத்து வந்தால்
ஓரத்தில் எறும்பு.
இரண்டு வருடத்தில் இந்த மேசைக்கு
ஓர் எறும்பும் வந்ததில்லை.
பொடி எறும்பு, கண்ணாடி வயிறு,
தலை கவிழ்த்துக் குடிக்கக் குடிக்க
ஒவ்வொன்றாய் வயிறு சிவந்தது.
வரிசை கலையாமல் நோட்டின் மேல் ஏறி
பதினொன்றைத் தாண்டிப் போயின.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது?
துணியைக் கொடியிலேயே போட்டேன்.
காலையில் சோணைமுத்துவிடம்
இரண்டு சாக்கு சொல்லவேண்டும்.