ஏழாவது கையெழுத்து

3816547290.

பள்ளத்தூரில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு.
கோர்ட் அனுப்பிய கமிஷனருக்கு
டேப் பிடிக்க வந்தவள் நான்.
நோட்டீஸில் பதினொரு மணி.
பன்னிரண்டரைக்கும் சாவி வரவில்லை.
கார் நிழலில் நின்று
நோட்டீஸின் முதுகில் இதை எழுதினேன்.

முதலில் அடைக்கப்பன் வந்தார். மூன்று.
ஒருவருக்கு எதுவும் வகுபடும்.
தம்பி வந்தார். முப்பத்தெட்டு.
ஆளுக்குப் பத்தொன்பது, சண்டையில்லை.
மூன்றாமவர் பைக்குக்கு ஸ்டாண்டு போடுவதற்குள்
பக்கத்தில் ஓர் ஒன்றைச் சேர்த்தேன்:
முந்நூற்று எண்பத்தொன்று.
ஆளுக்கு நூற்று இருபத்தேழு.
ஆள் கூடக் கூட இலக்கம் கூடும்,
மீதி மட்டும் விழாது.

லேசு என்று நினைக்க வேண்டாம்.
பத்து இலக்கமும் வரவேண்டும்,
எதுவும் இரண்டு தடவை வரக்கூடாது.
பூஜ்யம் கடைசிக்குப் போய்விடுவதால்
ஐந்தாம் இடத்தில் ஐந்துதான்.
ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி,
மாப்பிள்ளை வீடும் பெண் வீடும்
ஒரே பந்தியில் கலந்து உட்கார்ந்த மாதிரி.
இப்படிச் சலித்தால் மிஞ்சுபவை பத்து எண்கள்.
அப்புறம் ஏழு வரும்.
மற்றதெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்;
ஏழிடம் முகதாட்சண்யம் செல்லாது.
வகுத்துக் காட்டு என்னும்.
ஒன்பதைத் திருப்பி அனுப்பியது.
நின்றது இது.

ஏழாவதாக வந்தவர் வயிரவன்,
கோலாலம்பூரிலிருந்து நேற்று இறங்கியவர்.
சாவி அவரிடம்.

வளவில் தூண்கள் முப்பத்தேழு.
இரண்டு தடவை எண்ணினேன். பகா எண்.
இன்னொரு தூண் எங்கே என்று
ஆறு பேர் ஏழாமவரைப் பார்த்தார்கள்.
கமிஷனர் முப்பத்தேழு என்று மட்டும் எழுதினார்.
எட்டும் ஒன்பதும் ஒரே ஆட்டோவில் வந்து
ஆளுக்கொரு பக்கமாக இறங்கினார்கள்.
இரண்டாம் கட்டு, அகலம் நாற்பத்தோரடி.
பத்தால் வகுத்தால் நாலடியும் சொச்சமும்.
அந்தச் சொச்சத்தில்தான்
பதினாறு வருஷமாக வழக்கு ஓடுகிறது.

கோயில் கணக்கில் இந்த வீட்டுக்குப் புள்ளி ஒன்பது.
பத்தாமவர் புள்ளியில் வரமாட்டார்;
சிகப்பி, பெண் வாரிசு,
திருச்சி பஸ்ஸில் வந்து சேர மணி இரண்டு.
நான் கடைசி இலக்கத்தைப் போட்டேன்.
"அது வெறும் சுழிதானே" என்றார் வயிரவன்
என் தாளைப் பார்த்து.

வெறும் சுழிதான்.
அது வந்து உட்கார்ந்ததும்,
முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து
ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது என்று
ஒன்பது பேர் தங்களுக்குள் வைத்திருந்த முழுத்தொகை
அப்படியே
ஆளுக்கு ஒரு பங்கு ஆனது.

சிகப்பி தாளை வாங்கினார்.
நின்றபடியே ஏழால் வகுத்தார்.
ஐந்து லட்சத்து நாற்பத்தையாயிரத்து
இருநூற்று இருபத்தொன்று.
"மீதி இல்லை" என்று திருப்பித் தந்தார்,
பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

சாயங்காலம் அளவுப் பட்டியலில்
ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது.
ஏழாவது கட்டம் காலி.

அடுத்த வாய்தா இருபத்தொன்றாம் தேதி என்றார் கமிஷனர்.
அது ஏழால் வகுபடும் என்று சொல்ல வாயெடுத்தேன்,
டேப்பைச் சுருட்டினேன்.