உலக்கை அருவியில்

செக்போஸ்டில் சோப்பைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
அட்டைக்கென்று மடித்துவந்த உப்பு
ரப்பர் தோட்டம் தாண்டுமுன்னே
வியர்வையில் கசிந்துவிட்டது.

பாறையில் உட்கார்ந்து
காதுக் கருவியைக் கழற்றி
என் சட்டைப் பையில் போட்டாள் பிரிசில்லா,
பதினெட்டாயிரம், பத்திரம் என்று.

பிறகு தண்ணீர்.
உச்சந்தலையில் யாரோ நெல் குத்தினார்கள்.

"வழுக்கும், இந்தப் பக்கம் வா."
கத்தியது எனக்கே கேட்கவில்லை.
உதட்டைப் பார்த்துவிட்டு
இந்தப் பக்கம் வந்தாள்.

நின்ற அத்தனை பேரிலும்
காது கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவளும் ஏதோ கத்தினாள்,
இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி.
சந்தோஷம் போல என்று
நானும் ஆட்டினேன்.

அழகியபாண்டியபுரம் டீக்கடையில் கேட்டேன்,
அங்கே என்ன சொன்னாய்?

"பையத் தொட்டுப் பாரும்."

சொட்டிக்கொண்டிருந்தது.